ஒற்றைக் கோடு

நேரம் மாலை ஆறேமுக்கால். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை.

எந்தச் சாலை என்று கேட்காதீர்கள். ஊருக்கு வெளியே, இரண்டு பக்கமும் சரக்குக் கிடங்குகள் இருக்கிற சாலை. லாரிகள் கிளம்பிப் போய்விட்டால் அப்புறம் அங்கே நாய்கூடக் குரைக்காது... குரைக்கிறதற்கு ஆள் வேண்டாமா? அதன் கோடியில் பச்சை விளக்கு எரிகிற ஒரு சின்ன கிளினிக். அதற்கு அப்பால் வெறும் முள்காடு.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வார்டுக் கதவைச் சாத்தியாயிற்று, இனி விடிந்தால்தான் திறப்பார்கள். காய்ச்சலோடு உள்ளே படுத்திருப்பது நம் ஆட்கள். தூக்கம் வராமல் வெளியே உட்கார்ந்திருப்பது நாம். இந்த வயதில் நமக்குத் தாலாட்டா பாட முடியும்? ஏதாவது சொல்லித்தான் விடிய வைக்க வேண்டும்.

இது நடந்தது. எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறாரே, அவருடைய சொந்த அக்காவுக்கு நடந்தது. அவர் வாயால் சொன்னது.

அக்கா டாக்டர். அந்தக் கிளினிக் அவளுடையது. வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார்களே, அந்த வேலை. ஊரே அவரை வைண்டிங்காரர் என்றுதான் கூப்பிடும். டாக்டர் பெண்ணுக்கு இப்படியொரு மாப்பிள்ளையா என்று சொந்தபந்தம் மொத்தமும் வாயைப் பிளந்தது. மனிதர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அவ மனுஷனுக்குப் பார்க்கிறா, நான் மோட்டாருக்குப் பார்க்கிறேன். ரெண்டு பேரும் சூடு ஏறினதைத்தானே சரி பண்றோம்?" என்பார்.

தினமும் மாலை கடையைப் பூட்டிவிட்டு அவளை அழைத்துப்போக வருவார். எப்போதோ ஒரு மோட்டார் இடது காலில் விழுந்ததில் நடை கொஞ்சம் இழுக்கும். சரக்... சரக்... என்று செருப்புச் சத்தம் முதலில் வரும். பின்னாலேயே காயிலுக்கு ஊற்றுகிற வார்னிஷின் வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை அது. நோயாளிகள் காத்திருக்கிற அறையில் சுவரோரமாக இரும்பு நாற்காலிகள். கடைசி நாற்காலி அவருடையது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் பேச்சுக் கொடுப்பார். நடுநடுவே அவள் எட்டிப் பார்த்தால், முதல்ல அவங்களைப் பாரு என்று கையால் பக்கத்து ஆளைக் காட்டுவார். கடைசி நோயாளியும் போன பிறகுதான் எழுந்திருப்பார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் மாதாமாதம் இரண்டு பேரும் குளியலறை வாசலில் நின்று கர்ப்பம் பார்க்கிற அட்டையைப் பார்ப்பார்கள். இரண்டு கோடு வர வேண்டும். ஒற்றைக் கோடுதான் வரும். வருஷக்கணக்காக ஒற்றைக் கோடு. ஒருநாள் அவரே மிச்சமிருந்த அட்டைகளை எடுத்துக் குப்பையில் போட்டார். "போதும் டாக்டரே. எனக்கு நீ, உனக்கு நான்" என்றார். அதோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது.

அந்த வருஷம் மழைக்குப் பின்னால் ஊரெல்லாம் டெங்கு. கிளினிக்கில் நிற்க இடமில்லை. அப்போதுதான் அவள் உடனே முடிவு காட்டுகிற சோதனை வில்லைகளை வரவழைத்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். விரல் நீளத்தில் வெள்ளை பிளாஸ்டிக். குழியில் ஒரு சொட்டு ரத்தம், மேலே மருந்துத் தண்ணீர் சில சொட்டு, அப்புறம் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு தெரிந்தால் வில்லை ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இன்னொரு கோடும் தெரிந்தால் டெங்கு.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த வில்லை தேடுவது, கிருமி ரத்தத்தில் கலக்கிற ஒரு பொருளை. காய்ச்சல் வந்த முதல் சில நாளில் அது நிறைய இருக்கும். நாள் போகப் போகக் குறையும். ஏற்கெனவே ஒரு தடவை டெங்கு வந்த உடம்பென்றால் இன்னும் சீக்கிரம் மறைந்துவிடும். அப்போது சோதித்தால் ஒற்றைக் கோடுதான் வரும்... நோய் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் விவரமான டாக்டர்கள் வில்லையைத் தொடுவதற்கு முன்னாலேயே, காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்பார்கள்.

அவளும் கேட்டாள்.

ஒருநாள் காலையில் டீ குடிக்கும்போது அவர் கை நடுங்கியது. தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது.

"என்னைக்கு ஆரம்பிச்சுது?"

"நேத்து ராத்திரிதான். சும்மா உடம்பு வலி, விடு."

விடவில்லை. வில்லையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள். விரலில் குத்தினாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோடு பார்த்து எவ்வளவு வருஷம் ஆச்சு, இல்ல?" என்றார் அவர்.

கால்மணி நேரம் போயிற்று. ஒற்றைக் கோடு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். ஒற்றைக் கோடுதான்.

"நாம ஒத்தக் கோட்டுக்குச் சந்தோஷப்படறது இதுதான் முதல் தடவை" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எதுக்கும் ரத்த அணுக்களையும் எண்ணிப் பார்த்துடலாம்" என்றாள்.

"ஒரு தடவை டெஸ்ட் பண்ணி கரெக்டா இருந்தா நான் மோட்டாரைத் திருப்பித் திருப்பிக் கழட்ட மாட்டேன். நாளைக்குப் பார்க்கலாம். உனக்காக அங்க கூட்டம் காத்துக் கிடக்கும், கிளம்பு."

மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. முகம் மழித்துக்கொண்டார். மோவாயில் சின்னதாக ஒரு வெட்டு. அதன் மேல் பிளாஸ்திரித் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா என்று கேட்டார். வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டதை மட்டும் அவள் திரும்பியிருந்த நேரமாகப் பார்த்துச் செய்தார்.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். அது அவளுக்குத் தெரியாதா? தினமும் வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை வற்றச் சொல்கிறவள் அவள்தான். காய்ச்சல் போச்சுன்னு அசந்துடாதீங்க, வயிறு வலிச்சா, வாந்தி நிக்கலைன்னா, கை கால் ஜில்லிட்டா ஓடி வாங்க என்று. ஆனால் நேற்றுத்தான் வந்த காய்ச்சல் என்று அவர் சொல்லியிருந்தார். வில்லையில் ஒற்றைக் கோடு. மனசும் அதைத்தான் கேட்டது. கிளம்பிப் போனாள்.

மாலையில் சரக்... சரக்... வழக்கத்தைவிட மெதுவாக. கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அறை நிறைய ஆட்கள். அவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். கையால் காட்டினார், முதல்ல அவங்களை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். மறுபடி அதே கை. அடுத்த தடவை பார்த்தபோது சுவரில் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குகிறார், பாவம், உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி நோயாளியும் போனார். "வாங்க, கிளம்பலாம்" என்று வந்து கையைப் பிடித்தாள்.

மழையில் நனைந்த இரும்பு மாதிரி இருந்தது அந்தக் கை.

"ஒண்ணும் இல்ல... வயிறுதான் கொஞ்சம்..." என்றார். அதுதான் அவர் பேசியது. பெரிய ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள், ரத்தம் ஏற்றினார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்புறம் ஒருநாள் அவருடைய கடைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பாக்கெட்டில் காய்ச்சல் மாத்திரை அட்டைகள். ஒன்றல்ல, இரண்டல்ல. எல்லாம் காலி. பக்கத்துக் கடை வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "முந்தின வாரத்துலேருந்தே நடுங்கிட்டுதாம்மா வேலை பார்த்தார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார். அவளே தூங்காம ஓடிட்டிருக்கா, நான் வேற எதுக்குப் பாரம்னார்."

அவள் கிளினிக்கைத் திறக்க வெகுநாள் ஆயிற்று. திறந்த அன்றைக்கு அங்கே வேலை பார்க்கிற நர்ஸ், வயதான அம்மாள், மெல்லக் கேட்டார்: "டாக்டரம்மா, அந்தக் கடைசி நாற்காலியை எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும் சிஸ்டர்."

இனிமேல்தான் அந்த மாலை வருகிறது. ஆறேமுக்கால், மழை விட்ட நேரம், ஆளில்லாத சாலை. உள்ளே ஒரே ஒரு நோயாளி பாக்கி. பஸ் கண்டக்டர். ஒரு வாரமாகக் காய்ச்சல், வேறு எங்கோ சோதித்து ஒற்றைக் கோடு வந்திருக்கிறது, காய்ச்சலும் விட்டுவிட்டது. மறுநாள் வேலையில் சேரச் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான். அவள் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தாள்.

வாசலில்... சரக்.

குழாயை மூடினாள்.

சரக்... சரக்... நாற்காலி கிரீச்சிட்டது. அப்புறம் மெதுவாக, கதவுக்கு அடியில் கசிந்து வருவதுபோல வந்தது வார்னிஷ் வாசனை.

கதவைத் திறந்து பார்த்தாள். கண்டக்டருக்குப் பக்கத்தில், கடைசி நாற்காலியில் அவர். அதே சட்டை. மோவாயில் அதே பிளாஸ்திரித் துண்டு. அவளைப் பார்க்கவில்லை. கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், எரிந்த மோட்டாரைப் பார்க்கிற மாதிரி... கவலையாக, உற்று.

கத்தினாளா, ஓடினாளா என்றால் இல்லை. நேராகப் போனாள். கால் இடறிக் கண்டக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டாள், விழாமல் இருக்க. கடைசி நாற்காலி காலி. கை வழுக்கிக் கண்டக்டரின் கை மேல் பட்டது. ஜில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தினாள். வெளுத்த நகம் வெளுத்தபடியே நின்றது. ரத்த அழுத்தம் பார்த்தால் மேல் எண்ணும் கீழ் எண்ணும் கிட்டக்கிட்ட வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. கண்டக்டர் என்னவோ சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் அசதி, அவ்வளவுதான் டாக்டர்" என்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் இல்லை. அப்படியே ஆம்புலன்ஸில் போட்டு அனுப்பினாள். பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு மளிகைக்கடை அம்மாள். வில்லையில் ஒற்றைக் கோடு, காய்ச்சல் விட்டாயிற்று, லேசாக வயிற்று வலி. பக்கத்தில் அவர். அப்புறம் ஓர் உடற்பயிற்சி வாத்தியார். அப்போதும் அவர். ஒவ்வொரு தடவையும் அவள் ஓடிப்போய் அந்த ஆளின் கையைத் தொடுவாள். தொட்ட மாத்திரத்தில் நாற்காலி காலியாகிவிடும். வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும்.

மூன்று பேரும் பிழைத்தார்கள். ஊரில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பேர் வந்தது. நர்ஸம்மாளுக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. ஏனென்றால் டாக்டரம்மா இப்போதெல்லாம் மாலையானால் புதுப் புடவை கட்டிக்கொண்டு வருகிறாள். மழை பிடித்தால் முகம் மலர்கிறது. ஒற்றைக் கோடு வந்து, காய்ச்சலும் விட்டுப்போன யாராவது வந்தால், நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கடைசி நாற்காலியைப் பார்க்கிறாள்... அது காலியாக இருந்தால் ஏமாந்துபோகிறாள்.

புரிகிறதா? அந்த ஆள் நன்றாக இருக்கிறார் என்பதில் அவளுக்கு ஏமாற்றம்.

ஒரு தச்சர் வந்தார். கல்யாணமாகிச் சில மாதம்தான். பெண்டாட்டி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். முந்தின நாள் டாக்டரே சோதித்தவர்தான், ஒற்றைக் கோடு. இன்றைக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் சாப்பிட முடியவில்லை என்று வந்திருந்தார்கள். அந்தப் பெண் தண்ணீர் வாங்க நர்ஸம்மாளிடம் போனாள். தச்சர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

சரக்... சரக்...

டாக்டர் உள்ளேயிருந்து கதவருகே வந்தாள். அவர் உட்கார்ந்திருந்தார், தச்சருக்குப் பக்கத்தில்.

ஓடவில்லை. நின்றாள்.

தொட்டால் போய்விடுவார். அது அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு நிமிஷம், ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது... கதவைப் பிடித்துக்கொண்டு கண் நிறையப் பார்த்தாள். சட்டையின் இரண்டாவது பொத்தான், அவள் தைத்தது, வேறு நிற நூலில். காதோரம் நரை. கம்பி அறுத்த பழைய தழும்புகளோடு விரல்கள். 'என்னை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. ஒரே ஒரு தடவை.'

பார்த்தார்.

அத்தனை நாளில் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக் கையைத் தூக்கிப் பக்கத்து ஆளைக் காட்டினார். முதல்ல அவங்களை. அவள் அசையவில்லை. மறுபடி காட்டினார். அவர் முகம் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. உயிரோடு இருந்தபோதும் யாரிடமும் அப்படிக் கெஞ்சினவர் இல்லை.

அப்போதும் நின்றாள்.

தச்சர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். தொப்பென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான்... சலைன், ஆம்புலன்ஸ், நர்ஸம்மாளின் கூச்சல். ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கதவுகிட்டதானே நின்னீங்க? அவரையே பார்த்துக்கிட்டுதானே நின்னீங்க? ஏன் டாக்டர் வரல?"

டாக்டர் குனிந்து ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தூக்கினாள்.

தச்சர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வெகுநாள் கிடந்தார். அவள் தினமும் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அந்தப் பெண் அவளிடம் பேசவே இல்லை. கடைசியில் அவர் எழுந்து நடந்தார். ஆனால் கை நடுக்கம் நிற்க மாதக்கணக்காயிற்று, அதுவரை உளியைப் பிடிக்க முடியவில்லை.

அவர் வீடு திரும்பிய மறுநாள் அவள் கிளினிக்கையே மாற்றிப் போட்டாள். நாற்காலிகள் எல்லாம் வெளியே. சுவரோரம் கட்டில்கள் வந்தன. காய்ச்சல் என்று வாசல்படி ஏறுகிற யாரும் காத்திருக்கக் கூடாது. நர்ஸம்மாள் வாசலிலேயே கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் குறிக்க வேண்டும். வில்லை என்ன காட்டினாலும் சரி, ரத்த அணுக்களை எண்ணாமல் விடுவதில்லை. ஒற்றைக் கோடு வந்தவர்களை நாளைக்கும் வாங்க, காய்ச்சல் விட்டா கட்டாயம் வாங்க என்று விரட்டிப் பிடித்தாள். வராதவர்களின் வீட்டுக்கே போனாள். யாரும் அவள் வாசலில் அந்த நிலைக்குப் போகவில்லை. போக விடவில்லை.

அவரும் வரவில்லை.

ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. சரக் என்று ஒரு சத்தம் இல்லை. வாசனை இல்லை. அடுத்த மழையும் வந்தது.

ஒரு மாலை மருந்துக்கடைக்காரத் தம்பி அக்காவைத் தேடிக்கொண்டு போனார். கிளினிக்கில் ஆளைக் காணோம். பின்னால் சாமான் அறையில் விளக்கு. அங்கே பழைய நாற்காலிகளுக்கு நடுவில் அந்தக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா... என்னக்கா இது?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் ஒழுங்கா வேலை பார்த்தா அவர் வரமாட்டார்டா. யாரையாவது சாகக் குடுத்தாத்தான் வருவார். என்னடா பண்ணுவேன் நான்? சொல்லு, என்ன பண்ணுவேன்?"

தம்பி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் அவளுடைய கைபேசி அடித்தது.

அவளோடு படித்தவள். எங்கோ தூரத்து ஊரில் கிளினிக் வைத்திருக்கிறவள். கல்யாணத்துக்கு வந்தாள், அதற்கப்புறம் தொடர்பு விட்டுப்போயிற்று. எடுத்ததும் சண்டை.

"என்னடி, இவ்வளவு தூரம் வந்திருக்க, ஒரு வார்த்தை சொல்லல?"

"யாரு வந்தா?"

"நடிக்காத. உன் வீட்டுக்காரர் என் ஹால்ல உக்காந்திருக்கார். கொஞ்சம் நரைச்சிருக்கு, மத்தபடி ஆள் அப்படியேதான் இருக்கார். உங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேட்டா, எனக்கு ஒண்ணும் இல்ல, என் வீட்டம்மா உள்ள இருக்காங்கன்னு சொல்றார். உள்ள நான்தானே இருக்கேன்! எங்கடி ஒளிஞ்சிருக்க? இரு, அவர்கிட்டயே போனைக் குடுக்கறேன்."

தம்பி சொன்னார்: அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தாகத்தில் செத்துக்கொண்டிருக்கிறவள் முன்னால் சொம்பை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. கைபேசியில் அந்த ஹாலின் சத்தமெல்லாம் கேட்கிறது. மின்விசிறி. யாரோ இருமுகிறார்கள். தோழியின் காலடி நடந்துகொண்டே வருகிறது. அவர் குரலில் ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும் அவளுக்கு.

"இந்தா, கிட்ட வந்துட்டேன், பேசு..."

"குடுக்காத."

"என்னது?"

"அவர்கிட்ட குடுக்காத. அவருக்குப் பக்கத்துல யாரு உக்காந்திருக்கா?"

"பக்கத்துலயா? ஒரு ஸ்கூல் டீச்சர். காய்ச்சல்னு வந்தாங்க, டெஸ்ட்ல ஒத்தக் கோடுதான். இன்னைக்குக் காய்ச்சலும் விட்டாச்சு, லீவு சர்டிபிகேட்டுக்காக..."

"அவங்க கையைத் தொடு. இப்பவே. முதல்ல அவங்க கையைத் தொடு."

தோழி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஐயோ... சிஸ்டர்! சிஸ்டர், ஓடி வாங்க!" சக்கரங்கள் உருள்கிற சத்தம், கதவுகள், யாரோ ஆம்புலன்ஸ் என்று கத்துகிறார்கள்.

அந்தக் கூச்சல் நடுவில், அக்காவின் காதில் திடீரென்று எல்லாம் அமைதியாயிற்று. தண்ணீருக்குள் மூழ்கினால் ஆகுமே, அந்த மாதிரி. பிறகு... மிகக் கிட்டத்தில்... சரக்... சரக்... மூச்சுச் சத்தம். களைத்துப்போன மூச்சு.

"உள்ள இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

அவர் குரல்தான்.

யாரும் இல்லை, எல்லாம் முடிந்தது, வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் அவள் உயிர் துடித்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. வெளியே மழை கொட்டுகிறது. எத்தனை ஊரில், எத்தனை கிளினிக்கில், எத்தனை பேர் ஒற்றைக் கோட்டை நம்பிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்...

"நிறைய பேர் இருக்காங்க" என்றாள். "நீங்க... நீங்க உட்காருங்க."

"பரவாயில்ல டாக்டரே. மெதுவா முடி."

அவ்வளவுதான். மறுபடி ஆம்புலன்ஸ் சத்தம் வந்தது. இணைப்பு அறுந்தது.

மறுநாள் தோழி கூப்பிட்டாள். டீச்சர் கண் விழித்துவிட்டார், தப்பித்தார் என்றாள். அந்தக் களேபரத்தில் உன் வீட்டுக்காரரைக் கவனிக்க முடியவில்லை, எப்போது எழுந்து போனார் என்றே தெரியவில்லை என்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி. நேத்து போன் என் காதை விட்டு எறங்கவே இல்ல, யார் கையிலயும் குடுக்கல. நீ மட்டும்தான் பேசின. உட்காருங்கன்னு யாரையோ சொன்ன, இல்ல? நீ சொன்ன அதே நேரம் எனக்குப் பக்கத்துல காலியா இருந்த சோபா குஷன், ஆள் உக்காந்த மாதிரி உஸ்ஸுன்னு அமுங்குச்சு. கண்ணால பார்த்தேன். பிரமைன்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "இப்ப வந்து பார்க்கறேன்டி... இன்னும் நிமிரல."